சாம்பல் நோயா, சாம்பல் நிறப் பூசணமா?

தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவின் சட்டம் அனுமதிக்கும் நான்கு கஞ்சாச் செடிகளை இந்த ஆண்டு முதன்முறையாக எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வளர்த்தேன். ஆகஸ்டு முழுவதும் செழிப்பாக இருந்தன. செப்டம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாள் விடாமல் தூறிய பிறகு, இருப்பதிலேயே பெரிய பூங்கொத்தின் நடுவில் ஒரு சிற்றிலை மட்டும் காய்ந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக, சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. கம்பத்தில் திராட்சை பயிரிடும் என் மாமாவுக்குப் படம் அனுப்பினேன். “இது சாம்பல் நோய் மாப்பிள்ளை, நனையும் கந்தகம் அடி, போய்விடும்” என்கிறார். அடிக்கலாமா?
– வாசகர், பிராம்ப்டன், ஒன்டாரியோ

பதில்: அடிக்க வேண்டாம். உங்கள் மாமாவின் அனுபவத்தில் குறையில்லை. பெயர்தான் உங்கள் இருவரையும் ஏமாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டு உழவர்கள் ‘சாம்பல் நோய்’ என்று சொல்வது, இலையின் மேற்பரப்பில் திருநீறு தூவியதுபோல் வெள்ளையாகப் படரும் வேறொரு பூசணத்தை. அது இலைமேலேயே வாழ்வது, விரலால் துடைத்தால் தற்காலிகமாகவேனும் அகலும், கந்தகத்துக்கு அடங்கும். உங்கள் செடியில் வந்திருப்பது பொட்ரைட்டிஸ் சினேரியா என்னும் சாம்பல் நிறப் பூசணம். இது பூங்கொத்தின் உள்ளே, தண்டையொட்டித் தொடங்கி, செடியின் திசுக்களைக் கொன்று, கொன்றதைத் தின்று வெளிப்பக்கமாக வளர்கிறது. கந்தகத்தால் இதற்குப் பயனில்லை. அதோடு முதிர்ந்த பூங்கொத்தின் பிசினில் கந்தகத் தூள் ஒட்டிக்கொண்டால், நலமாக இருக்கும் பூக்களும் பயன்படாமல் போகும்.

மாமாவிடம் ‘திராட்சைக் குலை அழுகல்’ என்று சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பார். பொட்ரைட்டிஸ் என்ற பெயரே திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நுண்ணோக்கியில் இதன் வித்துகள் (பூசணம் பரவ உதவும் நுண்ணிய தூள்) குலை குலையாகத் தொங்குவதால் அப்படிப் பெயரிட்டார்கள். சினேரியா என்றால் சாம்பல் நிறமுடையது. பிரான்சின் சோட்டேர்ன், ஹங்கேரியின் டோக்காய் வட்டாரங்களில், காலையில் பனிமூட்டமும் பிற்பகலில் வெயிலும் மாறிமாறி அமையும் ஆண்டுகளில், இதே பூசணம் திராட்சையின் நீரை வற்றவைத்துச் சர்க்கரையைச் செறியச் செய்கிறது. அதிலிருந்து விலையுயர்ந்த இனிப்பு மது பிறக்கிறது. கஞ்சாவில் அத்தகைய நற்பேறு ஏதும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது கத்திரிக்கோல் வேலை மட்டுமே. காற்றில்லாத, செடி உலர்ந்திருக்கும் நேரத்தில், முதலில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பூங்கொத்தின்மேல் மெல்லக் கவிழ்த்து, அழுகல் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே, நலமான தண்டில் வெட்டுங்கள். பை இல்லாமல் வெட்டினால், ஒரு சிறு உலுக்கலிலேயே வித்துகள் புகைபோல் கிளம்பி மற்ற மூன்று செடிகளிலும் படியும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்திரியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வெட்டியதைக் கட்டிக் குப்பையில் சேருங்கள். வீட்டு உரக்குழியில் போடாதீர்கள், ஏனெனில் அங்கே எழும் சூடு இதன் கரிய, இறுகிய முடிச்சுகளைக் கொல்லப் போதாது, அவை குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் மீண்டும் வித்து விடும். பிறகு எஞ்சிய பூங்கொத்துகளை நாள்தோறும் பாருங்கள். சுற்றிலும் பச்சையாக இருக்க ஒரு சிற்றிலை மட்டும் வாடி, இலேசாக இழுத்ததும் அடியோடு கையில் வந்துவிட்டால், உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரே செடியில் இரண்டு மூன்று இடங்களில் இப்படிக் கண்டால், வானிலை அறிவிப்பும் மழையென்றே சொன்னால், முழு முதிர்ச்சிக்குக் காத்திராமல் அறுத்துவிடுவதே என் பரிந்துரை. ஒரு வாரம் முன்னதாக அறுத்தால் கொஞ்சம் வீரியம் குறையும். ஒரு வாரம் காத்திருந்தால் பாதிச் செடி போகக்கூடும்.

அடுத்த ஆண்டுக்கான வேலை விதை வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. கஞ்சா, பகல் குறுகும்போது பூக்கும் செடி. உங்கள் பகுதியில் ஆகஸ்டில் பூக்கத் தொடங்கி, பல வகைகள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் நடுவிலோதான் முற்றுகின்றன. பனியும் தூறலும் குளிர்ந்த இரவுகளும் கூடும் அந்த நாட்கள்தாம் இந்தப் பூசணத்துக்கு உகந்தவை: 18 முதல் 23 டிகிரி வரையிலான வெப்பநிலையில் மிக வேகமாக வளர்ந்தாலும், குளிர்பதனப் பெட்டிக்குள் ஸ்டிராபெரியை அழுகவைக்கும் அளவுக்குக் குளிரையும் தாங்கும். ஆகவே பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் தானே பூத்து ஆகஸ்டிலேயே முற்றும் வகையை எடுங்கள். அது பிடிக்கவில்லையென்றால், பூங்கொத்து கல்போல் இறுகாமல் தளர்வாக அமையும் வகையையேனும் எடுங்கள். கடைக்காரர் பெருமையாகக் காட்டும் முஷ்டி கனமான பூங்கொத்து, ஒன்டாரியோவின் அக்டோபரில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சாகவே இருக்கும்.

நயாகரா வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றும் வெயிலும் படச் செய்வார்கள். அதே கருத்து இங்கும் பொருந்தும். பூக்கத் தொடங்கும் முன்பே அடிக்கிளைகளை நீக்குங்கள். உள்ளே நெருக்கும் அகன்ற இலைகளைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இரண்டு செடிகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். தழைச்சத்தைப் பூக்கும் பருவத்தில் தாராளமாகக் கொடுத்தால் திசுக்கள் மென்மையாகி நோய்க்கு இடங்கொடுக்கும். மழைநாட்களில் மேலே மட்டும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் கூரை போதும். பக்கங்களையும் மூடினால் நீங்களே ஒரு நீராவி அறை கட்டியவர் ஆவீர்கள். காலைப்பனி படிந்திருந்தால் நலமான செடியின் தண்டைப் பிடித்து இலேசாக அசைத்து நீரை உதிர்க்கலாம். நோய் கண்ட செடியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூங்கொத்தைப் பிரிக்கும்போது மிளகுத்தூள் போன்ற கரிய எச்சம் தென்பட்டதா? தென்பட்டிருந்தால் வழி திறந்தது புழு. மக்காச்சோளத்தைத் தாக்கும் புழுக்கள் கஞ்சாவையும் துளைக்கும். அந்தக் காயமும் எச்சத்தின் ஈரமும் பூசணத்துக்குப் போதும். ஆகஸ்டிலேயே புழுவைத் தேடிப் பொறுக்கினால் அக்டோபரில் பாதிக் கவலை தீரும்.

கேள்வி: சர்ரேயில் வீட்டின் கீழ்த்தளத்தில் டென்ட் அமைத்து, விளக்கொளியில் வளர்க்கிறேன். மழை இல்லை, பனி இல்லை. ஈரப்பதமானி எப்போது பார்த்தாலும் 60 சதவீதம்தான் காட்டுகிறது. ஆனாலும் இரண்டு முறை பூங்கொத்து அழுகிவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, பிரிட்டிஷ் கொலம்பியா

பதில்: நீங்கள் ‘எப்போது பார்த்தாலும்’ என்று எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. நீங்கள் பார்ப்பது விளக்கு எரியும் நேரத்தில். டென்டுக்குள் 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது விளக்குகள் அணைந்து வெப்பநிலை 18 டிகிரிக்கு இறங்கினால், காற்றில் ஒரு துளி நீர்கூடக் கூடாமலேயே ஈரப்பதம் 92 சதவீதத்தை எட்டிவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது என்பதே காரணம். அத்துடன் மாலையில் ஊற்றிய தண்ணீரை மண்ணும் இலையும் இரவெல்லாம் வெளிவிட்டுக்கொண்டிருந்தால், பூங்கொத்தின் உட்புறத்தில் நீர் திவலையாகவே படியும். வித்து முளைக்க அப்படிச் சில மணி நேர ஈரம் கிடைத்தால் போதும். மழை உங்கள் வீட்டுக்கு வரவில்லை, ஒவ்வோர் இரவும் டென்டுக்குள்ளேயே பெய்கிறது.

ஆகவே முதலில், அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பூங்கொத்துகளின் உயரத்தில் தொங்கவிட்டு, இருண்ட நேரத்தில் எட்டிய அளவைக் காலையில் பாருங்கள். பூக்கும் காலத்தின் கடைசி வாரங்களில், விளக்கு எரியும்போது 45 சதவீதத்துக்குள் வைத்து, இரவில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால், ஈரப்பதம் 60-ஐ ஒட்டியே நிற்கும். அதற்கு, காற்றை வெளியேற்றும் விசிறி இரவிலும் ஓட வேண்டும். பலர் மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை விளக்கோடு சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். வெளியேயும் ஈரமான உங்கள் கடற்கரைக் குளிர்காலத்தில் வெளிக்காற்று மட்டும் உதவாது. அறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்று தேவைப்படும், அது இருண்ட நேரத்தில்தான் கட்டாயம் ஓட வேண்டும். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கியதும் ஊற்றுங்கள். உள்விசிறி எல்லாப் பூங்கொத்துகளையும் இலேசாக அசைக்க வேண்டும். ஒரே பூங்கொத்தைக் குறிவைத்து நாள் முழுதும் அடிக்கக் கூடாது.

உங்கள் மாகாணத்திலேயே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸமீர் புஞ்சா கஞ்சாச் செடியின் நோய்களைப் பற்றி விரிவான ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார். ஆர்வமிருந்தால் தேடிப் படியுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்காகக் கணவருக்கு வீட்டில் வளர்த்தோம். அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அதே பூங்கொத்தின் மீதியைப் பயன்படுத்தலாமா? எண்ணெய் எடுத்தால் பூசணம் செத்துவிடாதா? ஏதாவது பூசணக்கொல்லி தெளித்திருந்தால் இது வந்திருக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே?
– வாசகி, ஒட்டாவா

பதில்: அம்மா, அந்தப் பூங்கொத்தின் மீதியையும் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது வித்து விட்ட பகுதி மட்டுமே. அதன் இழைகள் அதற்கப்பாலும் ஊடுருவியிருக்கும். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இந்தப் பூசணத்தின் வித்துகளால் நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. அதைவிட, இது கொன்று வைத்த திசுவில் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூசணங்கள் குடியேறுவதே பெரிய ஆபத்து. மூட்டுவலிக்கு உங்கள் கணவர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதேனும் எடுத்துக்கொண்டால், அத்தகைய வித்துகளை அவர் மூச்சில் இழுப்பது உயிருக்கே தீங்காகலாம். வீட்டில் விளைந்ததைப் பயன்படுத்துவது பற்றியே அவருடைய மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எண்ணெய் எடுக்கும் சூடு பூசணத்தைக் கொல்லக்கூடும், ஆனால் அது விட்டுச்சென்ற பொருள்களை நீக்கிவிடாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் அலசுவதும் மேற்பரப்பைத்தான் தொடும்.

பூசணக்கொல்லி பற்றி: உள்ளே புகுந்துவிட்ட அழுகலைக் குணமாக்கும் தெளிப்பு எதுவும் இல்லை. பூக்கும் முன்பு காப்பாகத் தெளிக்க, பேசிலஸ் வகை நுண்ணுயிர் மருந்துகளும் பொட்டாசியம் பைகார்பனேட்டும் உண்டு. ஆனால் கனடாவின் பூச்சி மேலாண்மை ஒழுங்குமுறை முகமையின் பதிவெண்ணும், கஞ்சாவுக்கு என்ற சொல்லும் லேபிளில் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். ரோஜாவுக்கு வாங்கி வைத்ததை இதற்கும் தெளிப்பது தவறு. உண்ணும் பொருளுக்குத் தீங்கில்லாதது புகைக்கும்போதும் தீங்கில்லாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது: திராட்சையின் சாம்பல் நோய்க்கு அடிக்கப்படும் ‘மைக்ளோபியூட்டானில்’ என்னும் பூசணக்கொல்லி, சூடாகும்போது ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் கனடாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் சிலவற்றின் மருத்துவக் கஞ்சா, இந்த மருந்தின் எச்சம் இருந்ததால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நலமான செடிகள் மீதமிருந்தால், அறுத்த பிறகும் கவனம் வேண்டும். கிளைகளை ஒன்றையொன்று தொடாமல், 15 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 50 முதல் 60 சதவீத ஈரப்பதத்திலும், இருட்டான அறையில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிடுங்கள். பெரிய பூங்கொத்துகளைப் பிரித்துத் தொங்கவிடுவதே பாதுகாப்பு. தண்டு வளையாமல் முறிந்த பிறகே கண்ணாடி ஜாடியில் அடையுங்கள். அதற்குள் சிறு ஈரப்பதமானி ஒன்றைப் போட்டு, 65 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் உலர்த்துங்கள்.

கேள்வி: ஓசூர் அருகே பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிறேன். எங்கள் பூவில் வரும் பொட்ரைட்டிஸும் இதுவும் ஒன்றுதானா? கனடாவைப்போல் இங்கும் கஞ்சா வளர்க்க முடியுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: முடியாது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் கனடாவுக்கு மட்டுமே உரியது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதற்குப் பத்தாண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு தொட்டியில் ஒரு செடி என்றாலும் அதே பிரிவுதான்.

பூசணம் ஒன்றேதான். உங்கள் இதழ்களில் குண்டூசித் தலையளவு புள்ளியாகத் தொடங்கி, பெட்டிக்குள் போனபின் பழுப்பாகப் பரவுவதும் இதே பொட்ரைட்டிஸ் சினேரியா. குளிரறை அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மாலையில் குளிர் இறங்குகிறதே என்று பக்கத் திரைகளை உடனே இறக்கிவிடாமல், பகலின் ஈரக்காற்று வெளியேறும்வரை திறந்து வைத்துப் பிறகு மூடுங்கள். இல்லையேல் விடியற்காலையில் பிளாஸ்டிக் கூரையின் உட்புறத்திலிருந்து பூவின்மேல் நீர் சொட்டும். பறிக்காமல் விட்ட முற்றிய பூக்களையும் உதிர்ந்த இதழ்களையும் தினமும் பொறுக்கிப் பாலிஹவுஸுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். அடுத்த பூவுக்கான வித்துகள் அவற்றில்தான் உருவாகின்றன. பறித்த பூவை ஈரத்தோடு பெட்டியில் அடுக்காதீர்கள்.