இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பசிபிக்கில் ஓடிய பயணிகள் கப்பல்கள் பணக்காரர்களின் உல்லாசத்துக்காகத்தானே?

பளபளக்கும் சாப்பாட்டுக் கூடங்களின் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இன்ஜின் அறையில் உழைத்த எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

1930 முதல் அமெரிக்காவின் சியாட்டிலுக்கு ஓடிய ஹிகாவா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் இன்றும் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் யாமஷிதா பூங்காவை ஒட்டி நிற்கிறது. 2012இல் எங்கள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றபோது போய்ப் பார்த்தேன். உடன் வந்த இளைஞர்கள் முதல் வகுப்பை விட்டு நகரவில்லை. 1932இல் சார்லி சாப்ளின் பயணம் செய்த கப்பல் அல்லவா! நான் நேராக இன்ஜின் அறைக்கு இறங்கினேன். அந்த இரண்டு டீசல் இன்ஜின்களுக்கு முன்னால் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

அந்தக் கப்பலில் பட்டுக்கென்றே தனி அறை இருந்தது. அன்றைய ஜப்பானின் பெரிய ஏற்றுமதி கச்சாப் பட்டு. அமெரிக்கப் பெண்களின் காலுறைகளுக்குப் போகும் சரக்கு. வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் வட்டியும் காப்பீடும் ஏறும். அதனால்தான் வேகமான கப்பலில் ஏற்றினார்கள். அக்கரையில் சிப்பங்களை இறக்கியதும் தனி ரயில் காத்திருக்கும். அதற்கு வழிவிட்டுப் பயணிகள் ரயில்களே ஒதுங்கி நின்ற காலம் அது! நைலான் வந்த பிறகுதான் காலுறைச் சந்தை பட்டின் கையை விட்டுப் போனது.

கீழே மூன்றாம் வகுப்பில் அடுக்குப் படுக்கைகள். அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் ஜப்பானியர் புதிதாக அமெரிக்காவில் குடியேற வழியில்லை. ஆனால் முன்பே அங்கே குடியேறியவர்கள் ஊருக்கு வந்து திரும்புவார்கள். அவர்களுக்கு அது உல்லாசமா?

இன்ஜின்காரன் தன் தொழிலைத்தான் உயர்த்திப் பேசுவான் என்று யாராவது எழுதக்கூடும். முதல் வகுப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஜப்பானியரே இதைச் சரக்கும் பயணிகளும் செல்லும் கப்பல் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள்.

என் மகளின் திருமணப் பேச்சின்போதும் ஒருவர், "கப்பலில் ஊர் சுற்றியே சம்பாதித்தவர்" என்றார். சபையில் வாய் திறக்காமல் இருந்தேன். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. கடல் பயணம் எல்லோருக்கும் ஊர் சுற்றல் அல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1938 மே மாதம் ஹிகாவா மாருவில்தான் இறந்தார். யோகோஹாமாவை அடைய இன்னும் இரண்டே நாள். அதை அந்தக் கப்பலில் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் இறந்த செய்தி எனக்கு நடுக்கடலில் வந்தது. பதினொரு நாள் கழித்துத்தான் கரையில் கால் வைத்தேன்.