உபயகாரர் அவன், மடைப்பள்ளியில் நான்

அன்புள்ள அக்கா,

தினமும் கோயிலுக்குப் போகிற ஒருத்தி இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் ஊருக்குள் யாரிடமும் கதைக்க முடியாததால் எழுதுகிறேன். எனக்கு 44 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம், முன்பள்ளி ஆசிரியை, கலியாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மாவுக்கு நீரிழிவு, போன வருடம் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், புண் கழுவி மருந்து கட்டுவதிலிருந்து எல்லாம் நான்தான்.

2008இல் தம்பியைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்ஸிக்குக் காசு கட்ட வேண்டி வந்தது. என் சீதனத்துக்கென்று அப்பா சேர்த்து வைத்திருந்த 14 பவுண் நகை அதற்குப் போனது. இளம் பெடியனை வீட்டில் வைத்திருக்கவே பயந்த காலம் அது, நான் மறுக்கவில்லை. "போய்ச் சேர்ந்தா முதல் வேலை அக்காவின்ர நகைதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலில் கடன் என்றான், பிறகு கலியாணம், பிறகு அங்கே வீடு. அம்மாவின் மருந்துக்கு மாதாமாதம் அனுப்புகிறான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நகைப் பேச்சு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வந்த இரண்டு சம்பந்தமும் சீதனத்தில் நின்றுபோயின.

இந்த வருடம் குடும்பத்தோடு வந்து எங்கள் ஊர்க் கோயிலில் ஒருநாள் திருவிழாச் செலவை ஏற்கிற உபயத்தை எடுத்துச் செய்தான். இரண்டு கூட்டம் மேளம், பெரிய சாத்துப்படி, மேலே ட்ரோன் கமரா, ஒலிபெருக்கியில் அவன் பெயர். ஐயர் உபயகாரருக்குரிய மரியாதையாகப் பரிவட்டம் கட்டிக் காளாஞ்சி கொடுத்த நேரம் நான் மடைப்பள்ளிக்குப் பின்னால் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் "குடுத்து வைச்ச தாய்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போன பிறப்பில என்ன செய்தியோ பிள்ளை, இந்தப் பிறப்பில கழிக்கிறாய்" என்றார்.

தீபாராதனைக்கு ஓடிப்போய் நின்றேன். கை கூப்பியிருக்கிறது, வாயில் பெயர் வரவில்லை. இவன் விழ வேண்டும், இவனுக்கும் ஏதாவது நடக்க வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து பழைய கணக்கெல்லாம் ஓடுகிறது. சாமியறையில் விளக்கு வைக்கிறேன், தேவாரம் வாயில் மட்டும்தான். அவன் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர் முடியத்தான் திரும்பிப் போவான். இப்படி ஒரு மனத்தோடு கோயிலுக்குப் போவது பாவமா? இத்தனை வருடம் கும்பிட்டதில் எனக்கு என்ன கிடைத்தது?

— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த மாமியை முடித்துவிடுகிறேன். மெல்வின் லேர்னர் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரு பெண் பிழையான விடை சொல்லும்போதெல்லாம் அவளுக்கு மின்சாரம் பாய்ச்சப்படுவதாக மாணவிகளை நம்பவைத்துப் பார்க்கச் செய்தார்கள் (உண்மையில் பாயவில்லை, அவள் நடித்தாள்). அந்த வேதனையை நிறுத்த வழியில்லை, அது தொடரும் என்று தெரிந்ததும் பார்த்தவர்கள் அவளுக்காக இரங்கியதைவிட அவளை மட்டமாக எடைபோடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்பினால்தான் எங்களுக்கு நித்திரை வரும், அதனால் கஷ்டப்படுகிறவரிடம் ஒரு குற்றத்தைத் தேடிப் பிடிக்கிறோம். எங்கள் ஊரில் அதற்கு முற்பிறப்பு வசதியாக இருக்கிறது, யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. மாமி தன் பயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதை நீங்கள் தீர்ப்பாக எடுத்து இரவு இரண்டு மணிக்குப் படிக்க வேண்டியதில்லை.

அப்புறம் பாவம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வாயில் மட்டும் பாடுவதாகச் சொல்கிற தேவாரத்தையே எடுப்போம். சுந்தரர் திருவொற்றியூரில் இரண்டாம் மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டு இரண்டு கண்ணும் இழந்தவர். காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றதற்காகத் திருவாரூரில் நின்று பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார், அதாவது உங்களுக்கே ஆளாகி நாங்கள் இப்படித் தவிக்கும்போது நீங்கள் மட்டும் நல்லாய் இருங்கோ என்று. கோபம் இல்லாமல் இது வருமா? இவர்தான் மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் பாடியவர், அந்தத் திட்டும் சேர்ந்துதான் ஏழாம் திருமுறை என்று ஓதப்படுகிறது, யாரும் அதை வெட்டி எறியவில்லை.

கந்தபுராணப் படிப்பில் சயந்தன் கதையும் கேட்டிருப்பீர்கள். இந்திரன் மகன், சூரனின் சிறையில் கிடந்து, எங்களை ஏன் கைவிட்டீர்கள் என்று புலம்புகிறான். முருகன் கனவில் வந்து ஆறுதல் சொல்கிறார், ஆனால் விழித்தபோது சிறை அப்படியே இருக்கிறது, போர் முடிந்தபிறகுதான் விடுதலை. தேவர்கள் சிவனை அழைக்காத தக்கனின் வேள்விக்குப் போன குற்றத்தால் வந்த துன்பம் என்று முருகன் காரணமும் சொல்கிறாரே என்று கேட்பீர்கள். சரி. அதைச் சொல்லும் உரிமை முருகனுக்கு உண்டு, மாமிக்கு இல்லை.

நான் கவனித்தது வேறு. சுந்தரரும் சயந்தனும் தங்கள் கோபத்தை நேரே போய்ச் சொன்னார்கள். நீங்கள் தீபாராதனையில் வந்த கோபத்தைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டீர்கள், வீட்டிலும் 2008இலிருந்து அதைத்தான் செய்கிறீர்கள். அம்மாவிடம் நல்ல மகள், தம்பியிடம் பெருந்தன்மையான அக்கா, இப்போது கடவுளிடமும் நல்ல பிள்ளையாக நிற்கப் பார்க்கிறீர்கள். அங்கேயும் நடிக்க வேண்டுமென்றால் வாயில் பெயர் வராதுதான். "அவன் விழவேண்டும்" என்று வந்ததா, அதையே சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே போனால் அதற்குக் கீழே இருப்பது வெளியே வரும், என் நகை போனது, என் வயது போனது, ஒருவர்கூட "நன்றி" என்று சொல்லவில்லை என்பது. தம்பி விழுந்தாலும் அது தீராது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.

ஆனால் இதைத் திருவிழா நாளில் செய்ய முடியாது. அன்று கோயில் ஊருக்கு மேடை, யார் முன்னால் நிற்கிறார், யாருக்கு மாலை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நானும் பார்ப்பேன். உங்கள் கண் தம்பியின் பரிவட்டத்தில் போய் நின்றதில் அதிசயம் ஒன்றுமில்லை. சாதாரண நாளில், மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாத மாலைப் பூசைக்குப் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் நல்லூருக்குப் போங்கள். அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், ஊரில் இருப்பவருக்கும் அதுதான், கனடாவிலிருந்து வந்தவருக்கும் அதுதான். ஆண்கள் யாராக இருந்தாலும் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகிறார்கள். 25 நாள் திருவிழாவிலும் அந்த விதி மாறுவதில்லை. வெளிவீதி மணலில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்தால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் யாருக்கும் அக்கா இல்லை, யாரோடும் உங்களை நிறுத்துப் பார்க்கவும் ஆள் இல்லை. வழிபாட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து கிடைப்பது இதுதான். கணக்கு நேராகாது, ஆனால் அந்தக் கணக்குக்கு வெளியே நின்று அதைப் பார்க்க ஓர் இடம் கிடைக்கும். தினமும் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

அம்மாவின் புண்ணைக் கழுவுவதே பெரிய பூசை என்று சொல்லவும் ஆட்கள் வருவார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணிடம் காலம் முழுக்கச் சும்மா வேலை வாங்க அதைவிட நல்ல வசனம் கிடையாது.

நகைக்கு வருவோம். இது நேர்த்திக்கடன் வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை, தம்பியிடம் கேட்கிற விஷயம். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருடம் கேட்காததால் நீங்கள் மறந்துவிட்டதாகவே நினைத்திருக்கலாம், வெட்கத்தில் வாய் திறக்காமலும் இருக்கலாம். கேட்கும்போது பவுணில் கேளுங்கள். 2008ஆம் ஆண்டின் ரூபாயில் பேசினால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தொகைக்கு அந்த நகையில் ஒரு சின்னப் பங்குதான் தேறும். 14 பவுண் என்றால் 112 கிராம், அவ்வளவுதான் பேச்சு, ஒரேயடியாகத் தர முடியாவிட்டால் இத்தனை மாதத்தில் என்று ஒரு ஒழுங்கு. குடியிருக்கும் வீட்டின் உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதோடு கேளுங்கள், தேவைப்பட்டால் உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசைப் பாருங்கள். அம்மாவைப் பார்க்கக் கிழமையில் சில நாளாவது சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அந்தச் செலவு தம்பியுடையது.

இரண்டு மணி விழிப்பு இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் மனம் ஒட்டாமல் போனால், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலோ மனநலப் பிரிவில் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். கோயிலுக்குப் போகிறவர் மருந்து எடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

தம்பியோடு பேசும்போது அம்மா பக்கத்தில் வேண்டாம், அவர் அழத் தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தம்பியின் மனைவி இருக்கட்டும், அவருக்கு இந்த நகை விஷயமே தெரியாமலிருக்கக்கூடும். தேர் முடிந்து பெட்டி கட்டுகிற நாளுக்குத் தள்ளாமல் இந்தக் கிழமையே கேளுங்கள். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா