ஹம்பியில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹம்பிக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். 1336 முதல் 1565 வரை விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர் இது. காலையில் விட்டலர் கோயில், வெயில் ஏறியதும் அரண்மனைப் பகுதி, மாலையில் விருபாட்சர் கோயிலும் ஹேமகூட மலையும் போதும். இரண்டு நாள் கிடைத்தால் கமலாபுரம் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே நகரத்தின் மாதிரி அமைப்பு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் எந்த மண்டபம் எங்கே வருகிறது என்று பிடிபடும்.

விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க விடுவார்களா?

தடை செய்திருக்கிறார்கள், அது சரியான முடிவு. அங்குள்ள கல்தேரையும் தொடாமல் பாருங்கள். ஐம்பது ரூபாய் நோட்டில் இருப்பது அந்தத் தேர்தான். உண்மையில் அது கருடனுக்கான சன்னிதி.

அரண்மனைப் பகுதியில் இடிபாடுதானே, பார்க்க என்ன இருக்கிறது?

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதே அங்குதான். ஹசார ராமர் கோயிலின் வெளிச்சுவரில் யானை, குதிரை, வீரர்கள், நடனப் பெண்கள் என்று வரிசை வரிசையாக ஊர்வலம் போகிறது. உள்ளே ராமாயணம். அப்புறம் மகாநவமி மேடைக்குப் பக்கத்திலுள்ள படிக்குளத்துக்கு வாருங்கள். மண்ணுக்குள் கிடந்த இதை 1980களில்தான் தோண்டி எடுத்தார்கள். கருங்கற்களை உற்றுப் பாருங்கள்: எந்தத் திசை, எந்த வரிசை என்று கல்தச்சர்கள் பொறித்த அடையாளங்கள் இன்னும் தெரிகின்றன. வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து இங்கே அடுக்கிய கற்கள் என்று புரியும். பலரும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. தாமரை மகால், யானைக் கொட்டாரம், ராணி குளியலறை மூன்றும் சமதரையில் இருக்கின்றன. விட்டலர் கோயிலுக்கு பேட்டரி வண்டி உண்டு. 1528இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய நரசிம்மர், சாலையை ஒட்டியே இருக்கிறார், 6.7 மீட்டர் உயரம். மடியிலிருந்த லட்சுமி சிலை உடைந்துபோய்விட்டது. ஆனால் அவரை அணைத்த அவள் கை மட்டும் முதுகுப்புறம் அப்படியே இருக்கிறது. மறக்காமல் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். மாதங்க மலையை மட்டும் விட்டுவிடுங்கள். படிகள் கரடுமுரடு.

விருபாட்சர் கோயிலில் பூஜை நடக்கிறதா?

தினமும் நடக்கிறது. கோயிலின் பின்பகுதியில் ஓர் இருட்டறை உண்டு. சுவரிலுள்ள சிறு துளை வழியே ராஜகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். மேகமூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

எப்போது வருவது, எப்படி வருவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் பாறைகள் கொதிக்கும். ஹோஸ்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான். துங்கபத்திரையில் தண்ணீர் அதிகமாக ஓடினால் மறுகரையிலுள்ள ஆனெகுந்திக்குப் பரிசல் விடமாட்டார்கள். அன்று சாலை வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்.