ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க் மட்டும் மெதுவாகப் படிக்கிறது, அதை மாற்றிவிடலாமா?

லினக்ஸில் எட்டு ஹார்ட் டிஸ்க்குகளை வைத்து ரெய்டு 6 (இரண்டு டிஸ்க்குகள் பழுதானாலும் தரவு பிழைக்கும் அமைப்பு) அமைத்திருப்பதாகவும், டிஸ்க்குகளின் செயல்பாட்டைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் ஒன்றின் காத்திருப்பு நேரம் மட்டும் கூடுதலாகத் தெரிவதாகவும், அதை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். மந்தம் டிஸ்க்கிலா, அது செருகப்பட்டிருக்கும் இடத்திலா என்று தெரியாமல் புதியதைப் போட்டால், புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் உருவாக்கும் ரீபில்டின் சுமையை மற்ற ஏழு டிஸ்க்குகளின் மேல் ஏற்றிய பிறகும் அதே மந்தத்தைப் பார்க்க நேரிடலாம்.

வேறு வேலை எதுவும் ஓடாத நேரத்தில், ஒவ்வொரு டிஸ்க்கையும் எஃப்ஐஓ என்ற வேக அளவீட்டுக் கருவி கொண்டு, வாசிப்பு மட்டும் என்று அமைத்து, கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் முறையில் தனித்தனியாக அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்திலிருந்து படிக்க வேண்டும். ஏனெனில் தட்டின் வெளி விளிம்பில் கிடைக்கும் வேகம் உள் விளிம்பில் ஏறக்குறையப் பாதியாகக் குறைவது இயல்பே. பிறகு எட்டையும் ஒரே நேரத்தில் படிக்கவிடுங்கள். தனியாக நன்றாகப் படித்தவை சேர்ந்து படிக்கும்போது மட்டும் தளர்ந்தால், டிஸ்க்குகளைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரின் பாதையைச் சந்தேகிக்க வேண்டும், பிசிஐஇ 2.0 ஒற்றை லேனில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் போகாது, வேகமான மூன்று டிஸ்க்குகளே அதை நிரப்பிவிடும்.

தனியாகவும் அந்த ஒன்று மெதுவாகவே இருந்தால், கெர்னல் லாகில் அதன் சாட்டா இணைப்பு 6 ஜிகாபிட்டிலிருந்து 1.5-க்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் நொடிக்கு 150 எம்பிதான் உச்சம். டிஸ்க் தன் நிலையைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணான சிஆர்சி பிழை (தரவைக் கடத்தும்போது நேரும் பிழை) ஏறிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான் காரணம். கேபிளை மாற்றினாலும் பழைய எண்ணிக்கை அழியாது என்பதால், அது மேலும் கூடுகிறதா என்பதே கேள்வி. மாறாக, 197-ஆம் எண் கூடினால், படிக்க முடியாத செக்டர்களோடு டிஸ்க்கே போராடுகிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. படிக்கத் தவறிய செக்டரைத் திரும்பப் படிக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது ஒரு சுற்றாவது காத்திருக்க வேண்டும், அதுவரை அந்தப் பட்டையின் (டிஸ்க்குகளில் பரவிய ஒரே தரவுத் தொகுதியின்) மற்ற டிஸ்க்குகள் படித்து முடித்தும் பயனில்லை. சராசரியில் இது கரைந்துவிடும். ஆயிரத்தில் 999 வாசிப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று எஃப்ஐஓ காட்டும் 99.9 பெர்சென்டைல் தாமதத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், கணினியை அணைத்து, அந்த டிஸ்க்கையும் பக்கத்து டிஸ்க்கையும் இடம் மாற்றிச் செருகுங்கள். லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி, டிஸ்க்குகளை அவற்றில் எழுதப்பட்ட சூப்பர்பிளாக் என்ற அடையாளக் குறிப்பைக் கொண்டே அடையாளம் காண்பதால், ஸ்லாட் மாறுவதால் தொகுப்பு குலையாது. ரெய்டு கார்டு என்றால் கையேட்டைப் பார்த்த பின்பே இதைச் செய்ய வேண்டும். மந்தம் பழைய இடத்திலேயே தங்கினால், ஸ்லாட், கேபிள், கன்ட்ரோலர் போர்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஸ்க்கோடு கூடவே நகர்ந்தால், அதை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பழைய டிஸ்க்கைப் பிடுங்கிவிடாமல், புதியதை உதிரி டிஸ்க்காக (ஸ்பேர்) சேர்த்து, எம்டியை நிர்வகிக்கும் எம்டிஅட்மினின் ரீப்ளேஸ் கட்டளையைக் கொடுத்தால், பழையதிலிருந்தே தரவு நகலாகும், நகல் முடியும் வரை தொகுப்பின் பாதுகாப்பும் குறையாது.