எழும்பிப் போனால் யாருக்கு லாபம்? வெளிநடப்பு பற்றி ஒரு கேள்வி பதில்

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநடப்பு, பகிஷ்கரிப்பு பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளில் சில இதோ.

தலவாக்கலை மாணவி: சேர், எதிர்க்கட்சி எழும்பிப் போனால் சட்டம் நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது மகள். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் கூட்டம் நடக்க 20 பேர் இருந்தால் போதும். சாதாரண சட்டமூலத்துக்கு, சபையில் இருந்து வாக்களித்தவர்களின் பெரும்பான்மையைத்தான் பார்ப்பார்கள். அதனால் நீங்கள் வெளியே போனால் ஆளும் தரப்புக்கு வேலை சுலபம்.

அரசியலமைப்பைத் திருத்துவது வேறு கதை. வராதவர்களையும் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றிலிரண்டு வேண்டும், அதாவது 150. அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கினாலும் எதிர்த்து வாக்களித்த கணக்குத்தான். 2010 செப்டம்பரில், ஜனாதிபதி இரண்டு தடவைதான் இருக்கலாம் என்ற வரம்பை நீக்கும் 18ஆம் திருத்தம் வந்தபோது ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்தது. கணக்கில் நட்டமில்லை. ஆனால் அவர்களுடைய ஆட்கள் சிலரே அரசு பக்கம் வாக்களித்தார்கள். 161க்கு 17 என்று நிறைவேறியது. பெரிய எதிர்க்கட்சி ஒன்று இருந்தும் எதிர்த்தவர் 17 பேர் என்றுதான் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் இருக்கிறது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்தும்.

பண்டாரவளை வாசகர்: 2018இல் மஹிந்த தரப்பு சபைக்கு வராமல் விட்டதே, அது புத்திசாலித்தனமா?

இல்லை. ஒக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கியிருந்தார். நவம்பர் 29ஆம் திகதி பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணைக்கு 123 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூச்சியம். டிசம்பர் 12ஆம் திகதி ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணையும் 117 வாக்குகளோடு நிறைவேறியது. சபையே செல்லாது என்று காட்டத்தான் வெளியே நின்றார்கள். தங்களிடம் பெரும்பான்மை இல்லை என்பதைத்தான் ஊர் பார்த்தது.

மஸ்கெலியா தம்பி: எவ்வளவு காலம் போகாமல் இருக்கலாம் சேர்?

சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் ஆசனம் போய்விடும். 1983இல் தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று ஆறாம் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துப் பாராளுமன்றம் போகாமல் விட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் அந்த வருடமே ஆசனங்களை இழந்தார்கள். அதே நேரம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் ஐயா அமைச்சரவையில் இருந்தார். யார் செய்தது சரி என்று லயத்தில் இரண்டு வீட்டில் கேட்டால் மூன்று பதில் வரும்.

கொட்டகலை அக்கா: நம்ம மலையக ஆட்கள் இந்த ஆயுதத்தைப் பெரிதாக எடுக்கவில்லையே, ஏன்?

நல்ல கேள்வி அக்கா. எழும்பிப் போவதற்கு முதலில் உட்கார ஒரு கதிரை வேண்டுமே.

1931இல் யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரஸ், அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்கான தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அதே தேர்தலில் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் சபைக்குப் போய்த் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அப்புறம் 1947இல் தொண்டமான் உட்பட நம்மவர்கள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமை போனது, அதன் பின்னால் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் வாக்குரிமை இல்லாததால் சத்தியாக்கிரகம்தான் செய்ய முடிந்தது. திரும்பவும் நம் வாக்கில் ஒருவர் சபைக்குள் போக 1977 ஆனது, நுவரெலியாவில் தொண்டமான்.

பகிஷ்கரிப்பால் கிடைத்ததை விட, உள்ளே இருந்து பேரம் பேசிக் கிடைத்தது நமக்கு அதிகம் என்பது என் வாதம். 1994இல் சந்திரிகா அம்மையாரின் கூட்டணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. அதைப் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 ஆக்கியது சந்திரசேகரன் என்ற ஒற்றை மலையக எம்.பி. பேரம் பேசியவர்கள் எல்லாம் நமக்காகவே பேசினார்களா என்று கேட்டால், அந்தக் கதைக்கு இன்னொரு நாள் வேண்டும்.

நோர்வூட்டிலிருந்து தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர்: கம்பனிக்காரர் சம்பள நிர்ணய சபைக்கு வராமல் விட்டதும் இதுதானா?

அதேதான். ஆனால் அங்கே பகிஷ்கரிப்புக்குப் பலம் கூட. பாராளுமன்றத்தில் ஒரு தரப்பு போனாலும் மற்றவர் நடத்துவார்கள். அரசு, தொழிற்சங்கம், முதலாளி என்று மூன்று தரப்பும் உட்கார வேண்டிய மேசையில் முதலாளி தரப்பு வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். 2024இல் நாட்சம்பளமாக 1,700 ரூபா கேட்டோம். கடைசியில் 1,350 அடிப்படைச் சம்பளம், மிச்சம் 350 ஊக்கத்தொகை என்று வந்து நின்றது. கொழுந்து எடுக்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. மேசைக்கு வராதவருக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை.

அக்கரப்பத்தனை அண்ணன்: எங்கள் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் வெளிநடப்பு செய்துவிட்டு, பிளேன்டீ வந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார். செல்லுமா?

செல்லும் அண்ணே. ஒரு விடயத்துக்குத்தான் வெளியே போகிறார், அடுத்ததற்கு வரலாம். நான் பிள்ளைகளோடு பாராளுமன்றப் பார்வையாளர் கூடத்தில் இருந்தபோதும் ஒரு வெளிநடப்பைப் பார்த்தேன். கோஷத்தோடு போனவர்களில் ஒருவர் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க மெல்லத் திரும்பி வந்தார். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உங்கள் ஆள், போகும்போது காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொன்னாரா? அதைக் கேட்டுப் பாருங்கள்.