கால் எரிச்சலுக்கு மனநல மாத்திரையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. காசிமேட்டில் வலை பின்னுகிறார். 12 வருடமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மிளகாய்த்தூள் பூசினது போல எரிகிறது என்று ராத்திரியில் தூங்கவே மாட்டார். ஒன்றரை மாதத்துக்கு முன் டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதி, பிறகு 25 ஆக்கினார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் வாய் வறள்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. போன வாரம் சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். நாலு நாளாக முக்கி முக்கித்தான் ஒன்றுக்குப் போகிறார். மெடிக்கலில் இருந்த பையன், "இது மனசு சரியில்லாதவங்க போடுற மாத்திரை ஆச்சே" என்றதும் அப்பா அழுதுவிட்டார். நிறுத்திவிடலாமா டாக்டர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த ஒன்றுக்குப் பிரச்சினையைப் பார்ப்போம். அடிவயிறு உப்பி வலிக்கிறது, ஆறேழு மணி நேரமாகச் சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை அமிட்ரிப்டிலினையும் போட வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மருந்து எழுதிய டாக்டரை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எனக்கு அந்தச் சளி மாத்திரை மேல்தான் சந்தேகம். கடையில் சளிக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். அதுவும் அமிட்ரிப்டிலினைப் போலவே வாயை வறள வைக்கும், மலத்தை இறுக்கும், சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் பினைலெப்ரின் என்ற மருந்தோ சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். இந்த வயதில் ஆண்கள் பலருக்குப் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வேறு வீங்கியிருக்கும். ஐந்து வாரம் தாங்கியவருக்கு நாலு நாளாக மட்டும் அடைக்கிறது என்றால் புதிதாகச் சேர்ந்தது என்ன என்றுதான் பார்க்க வேண்டும். சளி மாத்திரையை உடனே நிறுத்துங்கள்.

அமிட்ரிப்டிலினை விடுவதா, 10-க்கு இறக்குவதா, பிரகாபலின் போன்ற வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வாரக்கணக்கில் போட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அதனால் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் அந்த வழக்கத்தைப் பார்க்கக் கூடாது.

இனி அப்பாவின் கண்ணீர். அவரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அமிட்ரிப்டிலின் 1961-இல் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். நரம்பு வலியையும் அது தணிக்கிறது என்பது பிறகு தெரிந்தது. பாதத்திலிருந்து மூளைக்கு ஏறும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே அமுக்குகிறது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 75 மி.கி., அதற்கு மேலும் தேவைப்படும். அப்பா போடுவது 25. அப்படியே மனச்சோர்வுக்காகப் போட்டிருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுவது போலத்தான் அதுவும்.

தலைசுற்றலை லேசாக விடாதீர்கள். படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் இந்த மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். பிரஷர் மாத்திரையும் போடுகிறார் என்றால் இன்னும் இறங்கும். இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விழித்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்புகிறவர் என்றால் மாத்திரையைப் பத்து மணிக்குப் போடாமல் ஏழரை, எட்டுக்கே போடலாமா என்று கேளுங்கள். காலை மந்தம் குறையும்.

வாய் வறட்சிக்குக் கோலி சோடாவும் ரோஸ்மில்க்கும் குடித்தால் சர்க்கரை எகிறிவிடும். தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கட்டும். இந்த மருந்து வியர்வையையும் குறைக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. நிழலில் வேலை, நிறையத் தண்ணீர்.

இசிஜி எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நெடுநாள் சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் இதயக் கோளாறு இருக்கலாம். இந்த மருந்து இதயத் துடிப்பைத் தடம்புரளச் செய்யக் கூடியது. எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண் வலித்துச் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். தோள் வலி, இடுப்பு வலி என்று வேறு கிளினிக்கில் டிரமடால் எழுதினால், இந்த மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். வேலை முடிந்து 'கட்டிங்' போடும் பழக்கம் இருக்கிறதா என்பதையும் கோபப்படாமல் கேளுங்கள். சாராயமும் இந்த மாத்திரையும் ஒரே ராத்திரியில் கூடவே கூடாது.

வீட்டில் குழந்தை இருக்கிறதா? டிவி மேல், தலையணைக்கடியில் மாத்திரை அட்டையை வைக்காதீர்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை 25 மி.கி. மாத்திரை நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒன்றிரண்டுதான் என்றாலும், பிள்ளை நன்றாகத்தான் விளையாடுகிறது என்றாலும், அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-இல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பக்கத்து வீட்டு அம்மா "எனக்கும் கால் எரியுது, ரெண்டு குடு" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. வலை பின்னுகிறவர்கள் நைலான் நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், மரத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. நூல் அறுத்தால் அவருக்குத் தெரியாமலே போகலாம். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சின்னக் கீறல் தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.