பறக்கும் தட்டு சுடும் போட்டியில் ஒருவருக்கு மட்டும் சுலபமான தட்டு வந்துவிடாதா?

சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கம் இந்தப் போட்டியைப் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. ஒருவருக்கு நேராகவும் இன்னொருவருக்கு ஓரமாகவும் தட்டு பறந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒலிம்பிக் 'ட்ராப்' போட்டியில், சுடுபவர் குரல் கொடுத்ததும் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து இயந்திரம் ஒரு தட்டை வீசும். அகலம் 11 சென்டிமீட்டர்தான். அதைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஒரு சுற்றின் 25 தட்டுகளில் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நேராக 5 வந்தே தீரும். டியூஷன் ஆசிரியர் ஒரே வினாத்தாளைக் கேள்வி வரிசை மட்டும் மாற்றி ஆளுக்கொன்று கொடுப்பாரே, அதுதான் இது. வரிசை தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்து சுட்டுவிடலாம். அதில் என்ன சுவாரஸ்யம்?

ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு சுடுபவர் அடுத்த சுடும் இடத்துக்கு நகர வேண்டும் என்பதால், 'நல்ல இடம்' யாருக்கும் நிலைக்காது. காற்று மட்டும் விதிப்புத்தகம் படிப்பதில்லை. மழைக்கு முன் நம் ஊரில் வீசுமே ஒரு காற்று, அது தட்டைத் தூக்கிவிட்டால் அது அவரவர் அதிர்ஷ்டம்.

அப்புறம், தூசி பறந்தாலே புள்ளி என்று பலர் கைதட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை: கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும்.